ஒரு சட்டி மைதாப் பசை

முதலில் இந்தப் பாலைக் குடித்துவிடுங்கள், எப்சி அம்மா. ஆறினால் ஏடு கட்டிக்கொள்ளும். பருத்திப்பாலுக்குச் சூடுதான் பாதி ருசி, மீதிப் பாதி சுக்கு. சுக்கை நான் உரலில் தட்டித்தான் போடுவேன், மிக்ஸியில் அரைப்பதில்லை. அரைத்துப் போட்டால் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். தட்டிப் போட்டால் தொண்டையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போகும். உங்களுக்குக் குரல் கம்மியிருக்கிறது, உள்ளே வந்ததுமே கவனித்தேன். காலையிலிருந்து வருகிறவர்களை எல்லாம் அதட்டிக்கொண்டே இருந்தால் கம்மாமல் என்ன செய்யும். குடியுங்கள். நான் எங்கேயும் ஓடிப் போக மாட்டேன். ஓடுகிறவளாக இருந்தால் தூக்குச்சட்டியோடு ஸ்டேஷனுக்கு வந்திருப்பேனா.

குடித்துக்கொண்டே எழுதலாம். பேர் பரிபூரணம். வயது ஐம்பத்தெட்டு. புருஷன் போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. அதை நான் செய்யவில்லை, அது மஞ்சள்காமாலை. தொழில், இந்த ராஜபாளையத்தில் தள்ளுவண்டி போட்டுப் பருத்திப்பால் விற்பது. இன்றைக்கு நான் ஒப்புக்கொள்ள வந்திருப்பது சங்கரலிங்கத்தைக் கொன்றதை.

அந்தப் பெரிய நோட்டைப் புரட்ட வேண்டாம், அம்மா. புகார் எதுவும் வரவில்லை என்று எனக்கும் தெரியும். கொடுக்க வேண்டியவன் கொடுக்கவில்லை. அதனால்தான் நானே வந்தேன்.

நடந்தது விளங்க வேண்டுமென்றால் முதலில் இடம் விளங்க வேண்டும். மில் பஸ் நான்கு மணிக்கு வந்து நிற்கிற வளைவு உங்களுக்குத் தெரியும். ஷிப்ட் முடிந்த பிள்ளைகள் நாற்பது ஐம்பது பேர் தலையெல்லாம் பஞ்சோடு இறங்குவார்கள். தொண்டைக்குள்ளேயும் பஞ்சுதான். அந்த நேரத்தில் அதுகளுக்கு வேண்டியது ஒரு டம்ளர் சூடான பருத்திப்பால். பஸ்ஸின் படிக்கட்டு சொல்லி வைத்த மாதிரி ஒரு மின்கம்பத்துக்கு எதிரே வந்து நிற்கும். அந்தக் கம்பத்தடியில் யார் வண்டி போட்டிருக்கிறாரோ அவர்தான் அந்த வளைவுக்கு ராஜா. அங்கிருந்து முப்பது எட்டு எடுத்து வைக்கிற தூரம் தள்ளி, சாக்கடை மூடி ஓரத்தில் வண்டி போட்டவள் நான். பிள்ளைகள் இறங்கி, கம்பத்தடியில் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு என்னைக் கடக்கும்போது, "நல்லாயிருக்கியளா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகும். அன்பான பிள்ளைகள். ஆனால் நலம் விசாரித்தால் அண்டா காலியாகாது.

எங்கள் வளைவில் வண்டிக்காரர்கள் ஏழு பேர். யாருக்கும் பட்டா கிடையாது, ரசீது கிடையாது. ஆனாலும் சட்டம் உண்டு. இரண்டே சட்டம்தான், உங்களைப் போல அலமாரி நிறைய இல்லை.

ஒன்று செங்கல் சட்டம். ஊருக்குப் போகிறவர் தன் இடத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போகலாம். அந்தக் கல் மூன்று நாள் பேசும். நான்காம் நாள் காலையில் அது வெறும் கல். யார் முதலில் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறாரோ அவருக்கு இடம்.

இன்னொன்று பதினாறு நாள் சட்டம். வண்டிக்காரர் செத்துப்போனால், பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை அந்த இடத்தில் யாரும் சக்கரம் வைக்கக் கூடாது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கம்பத்தடியில் சுண்டல் போட்டுக்கொண்டிருந்த ஆவுடையப்பன் தவறியபோது, தெருக் கூட்டுகிறவர்கள்கூட அந்த நாலடியைச் சுற்றிக்கொண்டுதான் கூட்டினார்கள். பதினேழாம் நாள் காலையில் எனக்குக் காய்ச்சல். போர்வைக்குள் கிடந்தேன். சோழபுரத்திலிருந்து யாரோ ஒரு ஆள் வந்து வண்டியைப் போட்டுவிட்டான் என்று சொன்னார்கள். அதுவும் பருத்திப்பால் வண்டி. அதுதான் சங்கரலிங்கம்.

ஆக, நான்கு வருஷமாக முப்பது எட்டு தூரத்திலிருந்து அந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் எதிரியைக் கவனிக்க வேண்டும் இல்லையா. கவனித்ததில் தெரிந்துகொண்டது இவ்வளவு: கருப்பட்டி கூடுதல், ஏலக்காய் குறைவு. தோளில் போடுகிற சிவப்புத் துண்டைச் செவ்வாய்க்கிழமைதான் துவைப்பான். இடது பக்கம் ஒரு பல் கிடையாது, சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வான். பொண்டாட்டி இல்லை. சாப்பாட்டுக்கு மத்தியானம் ரெண்டு புரோட்டா, அதையும் பாதி நாயோடு பங்கு வைப்பான். கிட்டத்தில் இருப்பது கண் தெரியாது. கண்ணாடி வாங்கிப் போட வேண்டியதுதானே என்றால், "பாலு ஊத்துறதுக்குக் கண்ணு எதுக்கு, நெறஞ்சா டம்ளரே சொல்லும்லா" என்பான். இவையெல்லாம் தொழிலுக்காகத் தெரிந்துகொண்டவை.

காரணம் என்று உங்கள் தாளில் ஒரு கட்டம் இருக்குமே, அதில் "இடத்துக்காக" என்று எழுதிக்கொள்ளுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஒரு கையில் செங்கல், ஒரு கையில் போனோடு என் வண்டிப் பக்கம் வந்தான்.

"பரிபூரணம், திருப்பூர்ல மகளுக்கு மாசம் ஆயிருச்சு. வலி எடுக்கும்போல இருக்காம். நா போயிட்டுப் புதங்கெழம வந்துருவேன். கல்லு வச்சிட்டுப் போறேன், செத்த பாத்துக்க."

"வர முன்னப் பின்ன ஆச்சுன்னா போன் பண்ணுங்க."

"போனு அண்டாவுக்குள்ள விழுந்துபோச்சி. எடுத்துக் காதுல வச்சா பாலுதான் வருது."

"அந்தப் பால என்ன செஞ்சிய?"

"வடிகட்டித்தான் வித்தேன்."

அதை விசாரிக்க வேறு ஆபீஸ் இருக்கும். இன்றைக்குக் கொலையை மட்டும் பார்ப்போம்.

போகிற விவரத்தை அந்த ஆள் என் ஒருத்தியிடம்தான் சொன்னான். இதைக் கவனித்து எழுதுங்கள். நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனவனைத்தான் கொன்றிருக்கிறேன்.

திங்கள் போயிற்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காளான் வண்டி தங்கப்பாண்டியன் கம்பத்தடிக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இடத்தைக் காலால் அளந்தான். கம்பத்தை அண்ணாந்து பார்த்து, பல்பு எங்கே கட்டலாம் என்று யோசித்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"யக்கா, புதனோட கல்லு செத்துரும்லா?"

"அவரு வந்துருவாரு."

"வந்தா நல்லதுதான். வரலன்னா, வியாழக்கெழம வெள்ளன நா வண்டிய உருட்டிட்டு வந்துருவேன். சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா?"

தங்கப்பாண்டியன் கெட்டவன் இல்லை. ஆனால் தோசைக்கல்லில் கரண்டியை நாள் முழுக்கத் தட்டுவான். அந்தச் சத்தத்தை முப்பது எட்டு தூரத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எப்படிப் பிழைப்பது.

அன்று படுத்துக்கொண்டு நிதானமாக யோசித்தேன். எனக்கு மூன்று வழி இருந்தது. முதல் வழி, வியாழக்கிழமை விடியும்போது நானே என் வண்டியைக் கம்பத்தடிக்கு உருட்டிவிடுவது. சட்டப்படி சரிதான். ஆனால் பாத்துக்க என்று சொல்லிவிட்டுப் போன இடத்தை எடுத்துக்கொள்வது எனக்கு அசிங்கமாகப் பட்டது. இரண்டாவது வழி, தங்கப்பாண்டியனோடு சண்டை. அவன் கையில் எப்போதும் கொதிக்கிற எண்ணெய் இருக்கும். மூன்றாவது வழி, சங்கரலிங்கம் செத்துப்போவது. ஆற அமரப் பார்த்தபோது, யாருடைய மனசும் நோகாத வழி அது ஒன்றுதான் என்று தெரிந்தது.

புதன்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். திருப்பூரிலிருந்து வந்த இரண்டு பஸ்ஸையும் பார்த்தேன். டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போகிறவரை பார்த்தேன். அவன் இல்லை. வந்திருந்தால் கொல்ல வேண்டிய அவசியம் வந்திருக்காது. அதற்கு மேல் நான் தாமதிக்கவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். வேண்டியது ராஜபாளையத்திலேயும் கிடைக்கும். ஆனால் இங்கே எல்லாருக்கும் என்னைத் தெரியும்.

அங்கே ஒரு சந்துக்குள் சிவபாண்டி என்று ஒருவர் இருக்கிறார். இந்த வேலையில் கை சுத்தமானவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவரிடம் பளிச்சென்று சொல்லிவிட்டேன், ஐயா, ஒரு ஆளை நாளை விடியுமுன் முடித்தாக வேண்டும், ஆகுமா என்று.

"ஆகும். எத்தன வேணும்?" என்றார்.

"நாப்பது."

"கலரா, கறுப்பு வெள்ளையா?"

கலர் என்றேன். அந்த ஆளின் துண்டு சிவப்பு இல்லையா.

ஆமாம் அம்மா, போஸ்டர்தான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். நீங்கள் என்ன நினைத்தீர்கள், அரிவாளா? அரிவாளால் ஒரு இடத்தில்தான் கொல்ல முடியும். எனக்கு ஊர் முழுக்கக் கொல்ல வேண்டியிருந்தது. எழுதுவதை நிறுத்தாதீர்கள், இன்னும் இருக்கிறது.

போட்டோ கேட்டார். என் போனில் இருந்தது. ஏன் இருந்தது என்று கேட்காதீர்கள், போன் என்றால் எல்லாம் கிடக்கும். அந்த ஆள் கையை எடுத்துவிட்டுச் சிரித்த ஒரே ஒரு தரம், நான் வெயில் எப்படி அடிக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன், குறுக்கே விழுந்துவிட்டான்.

சிவபாண்டி அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். "கோட்டு சூட்டு மாட்டி விட்டுரவா? இப்ப எல்லாரும் அப்படித்தான் போறாக."

"வேண்டாம். துண்டோட இருக்கட்டும்."

"பல்லு ஒண்ணு கொறையுதே, வச்சி விட்டுரவா? ஒரு நிமிச வேல."

"அந்தப் பல்லு இல்லாட்டித்தான் அந்த ஆளு."

தலையை ஆட்டிக்கொண்டார். நாலு வரி வேண்டும் என்றார். தன்னிடம் தயாராக இருந்த வரிகளைக் காட்டினார், எல்லாவற்றிலும் ஆலமரம் சாய்ந்துகொண்டிருந்தது. சங்கரலிங்கம் ஆலமரம் மாதிரி ஆள் இல்லை, முருங்கைக்காய் மாதிரி ஆள். நானே சொல்கிறேன் என்று சொன்னேன். எப்படியோ வந்துவிட்டது.

ஆறுமுன்னே குடியென்பாய், நீ ஆறியதேனோ?
கம்பம் நிற்குது, கல்லும் நிற்குது,
கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

மூன்று வரிதான் இருக்கிறது என்றார். போதும் என்றேன். கடைசியாக, வருந்துகிறவர்கள் பேர் கேட்டார். மகள் மருமகன் என்று போட்டால் அது பொய்யாகிவிடும். செத்தது ஒன்றைத் தவிர மற்றபடி அந்தத் தாளில் பொய் இருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். "ஒரு உள்ளம்" என்று மட்டும் போடச் சொன்னேன்.

"எந்த உள்ளம்னு கேப்பாகளே?"

"கேக்கட்டும்."

வியாழக்கிழமை விடிகாலையில் ஒரு சட்டி மைதாப் பசை காய்ச்சினேன். வேப்பெண்ணெய் கொஞ்சம் சேர்த்தேன், இல்லையென்றால் ஆடு போஸ்டரைத் தின்றுவிடும், கொலை பாதியில் நின்றுவிடும். பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து வளைவு வரை முப்பத்தொன்பது ஒட்டினேன். நாற்பதாவதா? அது என் வீட்டில் இருக்கிறது. சுவரில் காரை பெயர்ந்த இடம் ஒன்று கட்டிலுக்கு எதிரே இருந்தது, அதை மறைக்க.

ஆறு மணிக்குத் தங்கப்பாண்டியன் சந்தனமெல்லாம் வைத்துக்கொண்டு வண்டியை உருட்டிவந்தான். கம்பத்தில் இருந்த போஸ்டரைப் பார்த்தான். அப்படியே நின்றான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணாச்சி, போயிட்டியளே" என்று ஒரு பாட்டம் அழுதான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, வண்டியைத் திருப்பி உருட்டிக்கொண்டு போனான். எனக்கு மனசு பாரம் இறங்கினாற்போல் இருந்தது. கல்லின் மூன்று நாள் முடிந்தது, பதினாறு நாள் ஆரம்பித்தது.

மதியத்துக்குள் செங்கல்லுக்கு மாலை விழுந்தது. ஊதுபத்தி வந்தது. கம்பத்துக்குப் பின்னால் இருக்கிற சுவரில் நைட்டி தொங்கவிட்டு விற்கிற யோகேஸ்வரி, கறுப்புத் துணி கிடைக்கவில்லை என்று ஒரு கறுப்பு நைட்டியை எடுத்துக் கம்பத்தில் கட்டினாள். அதில் வெள்ளையில் பூப்போட்டிருந்தது. பரவாயில்லை, அவளால் முடிந்தது. இந்த யோகேஸ்வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தொன்பது வயது. அவளுக்கும் ஆள் கிடையாது.

எப்படிச் செத்தான் என்று கேட்டார்கள். மாரடைப்பு என்றேன். வேறு எதையும் அவனால் தாங்க முடியாது, விரலில் சூடு பட்டாலே கையை உதறிக்கொண்டு குதிப்பான். உனக்கு யார் சொன்னது என்றார்கள். திருப்பூரிலிருந்து போன் வந்தது என்றேன்.

மறுநாள் வன்னியம்பட்டியிலிருந்து அவன் தம்பி ஐயாதுரை வந்துவிட்டான். அண்ணன் தம்பிக்குள் ஒரு முருங்கைமரம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மகள் வீட்டுப் போன் நம்பர்கூட அவனிடம் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் போஸ்டரைப் பார்த்தவன், நேரே போய் மொட்டை போட்டு மீசையையும் எடுத்துவிட்டுத்தான் வளைவுக்கு வந்தான். கல்லைக் கட்டிக்கொண்டு அழுதான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"யம்மா, எங்க அண்ணன் ஒடம்பு எங்கம்மா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கொன்ற பிறகு எரிக்கவும் வேண்டியதாயிற்று. திருப்பூரிலேயே, மின்மயானத்தில், நல்லபடியாக எரித்தேன். சாம்பல் எங்கே என்றான். கரைத்தேன். யார் கொள்ளி வைத்தது என்றான். மருமகனை வைக்கச் சொன்னேன். ஒரு கொலை செய்தால் அது அதோடு நிற்பதில்லை, அம்மா. அதன் பின்னால் சில்லறை வேலைகள் நிறைய வந்து சேர்கின்றன.

அந்த நாட்களில் மில் பிள்ளைகளெல்லாம் என் வண்டிக்குத்தான் வந்தார்கள். அண்டா ஐந்து மணிக்கே காலி. நான்கு வருஷமாக நான் ஆசைப்பட்டது அதுதானே. ஆனால் இரண்டு நாள் பால் அடிப்பிடித்துவிட்டது. கம்பத்தடியைப் பார்த்துக்கொண்டே கிண்டினால் அடிப்பிடிக்கத்தான் செய்யும். தினமும் முதல் டம்ளரைக் கொண்டுபோய்ச் செங்கல்லுக்கு முன்னால் வைத்தேன். ஊர் பார்க்க ஒரு முறை வேண்டும் அல்லவா. கருப்பட்டி கொஞ்சம் கூடுதலாகப் போட்டு வைத்தேன், அவன் பழக்கம் அப்படி.

என்ன கேட்டீர்கள்? பதினாறு நாளும் இடம் காலியாகத்தானே கிடந்திருக்கும், உங்களுக்கு என்ன லாபம் என்றா. நியாயமான கேள்வி. பதினேழாம் நாள் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் அவர் திரும்பி வந்துவிடுவார் என்று உங்களுக்குத் தெரியுமே என்றா. மூன்று நாளில் போக இருந்த இடத்தைப் பதினாறு நாளுக்குக் காப்பாற்றிக் கொடுத்த மாதிரி இருக்கிறதே என்றா.

சுக்கு அடியில் தங்கியிருக்கும், கலக்கிக் குடியுங்கள்.

போஸ்டர் ஒட்டிய ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, சங்கரலிங்கம் வந்தான். மகளுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டதாம், கடைசியில் தாயும் பிள்ளையும் சுகம். பஸ் ஸ்டாண்டில் இறங்கினவன் சுவரில் தன் படத்தைப் பார்த்திருக்கிறான். எழுத்து தெரியவில்லை. முகம் மட்டும் தெரிந்திருக்கிறது. தூரத்தில் இன்னொன்று. அதற்கும் தூரத்தில் இன்னொன்று. "எலெக்சன்ல நம்மள நிப்பாட்டிட்டாகன்னு நெனச்சேன்" என்று பிறகு சொன்னான். அதனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து வளைவு வரை எதிரே வந்த எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறான். எதிரே வந்தவர்கள் ஓடியிருக்கிறார்கள். மரியாதைக்காக வழி விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அவன் கம்பத்தடிக்கு வந்த நேரம் மில் பஸ்ஸும் வந்தது. இறங்கின பிள்ளைகள் திரும்ப ஏறிக்கொண்டார்கள். தங்கப்பாண்டியன் காளானைத் தீய விட்டான். சங்கரலிங்கம் மாலை போட்ட செங்கல்லையும், கம்பத்தில் ஆடுகிற நைட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏட்டி யோகேஸ்வரி, என்ன இது, எங் கல்லுக்குக் கல்யாணமா?"

நான் முப்பது எட்டு தள்ளி நின்றேன். அவள் பக்கத்தில் நின்றாள். இதில்தான் எல்லாம் கெட்டது. நான் வருவதற்குள் அவள் சுவரில் இருந்த போஸ்டரை உரித்து எடுத்து, அவனுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். அவள் சீரியல் தலைப்பு வாசித்தாலே அழுகிறவள். ஆறுமுன்னே குடியென்பாய் என்று ஆரம்பித்து, கண்ணீர் மட்டும் நிற்கவில்லை என்பதற்குள் நிஜமாகவே நிற்கவில்லை. "ஒரு உள்ளம்" என்று முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவிய அப்படியே அவளப் பாத்துக்கிட்டு நின்னாவ. கண்ணு கலங்கிப்போச்சு.

அவிய என்று சொன்னேனா? அவன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

"பொண்டாட்டி போன பொறவு நம்மள நெனைக்க ஒரு உள்ளம் இருக்குன்னு தெரியாமலே இருந்துட்டேனே" என்றான் அவளைப் பார்த்து.

"அந்த உள்ளம் நானில்லை" என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே கம்பத்து நைட்டியை அவிழ்த்து மடித்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் சுபம். மொட்டை போட்டது வீணாப்போச்சே என்று தம்பி அடித்துக்கொண்டான், அண்ணன் அந்த மொட்டையைத் தடவிக்கொண்டே அழுதான், முருங்கைமரம் நடுவில்தான் சாய்ந்தது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். சாகாத ஆளைச் செத்தான் என்று சொன்னால் ஆயுசு கூடும் இல்லையா, ஒரு வார்த்தைக்கே கூடும் என்றால் முப்பத்தொன்பது போஸ்டருக்கு எவ்வளவு கூடியிருக்கும் என்று ஊரே பேசுகிறது. கைப்பிள்ளைக்காரிகள் அவனிடம் வந்து, ஆயுசுப் பால் என்று கேட்டு வாங்கிப் பிள்ளை நாக்கில் தடவிக்கொண்டு போகிறார்கள். யார் செய்தது என்று விசாரிக்கச் சொன்னால், "எவ செஞ்சாளோ, அவ நல்லா இருக்கட்டும்" என்கிறான். சொல்லிவிட்டு நைட்டிச் சுவரைப் பார்க்கிறான்.

எனக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் சட்டம் என்று பார்த்தால் இது சரியா, நீங்களே சொல்லுங்கள். திருடாதவன் திருடினேன் என்று சொன்னால் நீங்கள் விடுவீர்களா? என் கொலையை அவள் எடுத்துக்கொண்டாள். நான் பஸ் பிடித்துப் போனேன், நான் வரி எழுதினேன், நான் பசை காய்ச்சினேன், வேப்பெண்ணெய் வாடை என் கையில் நாலு நாள் போகவில்லை. தினமும் முதல் டம்ளர் பால் அவளுக்குப் போகிறது. ஏலக்காய்கூடப் போட ஆரம்பித்துவிட்டான். போன வாரம் அவளிடம் ஒரு நைட்டி வாங்கினான், மகளுக்காம்.

இதையாவது விட்டுவிடலாம். வருகிற சனிக்கிழமை, புரட்டாசிச் சனி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்று ஒரு குன்று இருக்கிறதே, அதன் மேலே இருக்கிற பெருமாளுக்கு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறானாம், செத்துப் பிழைத்ததற்கு. யோகேஸ்வரியும் கூடப் போகிறாளாம். படி ஏறும்போது கண் தெரியாதாம், கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். இன்றைக்கு வியாழன். அதனால்தான் அம்மா, இன்றைக்கே வந்தேன். குற்றவாளி தானாக வந்து ஒப்புக்கொள்வது என்றால் தாமதம் செய்யக் கூடாது.

இப்போது நான் சொல்வதை அப்படியே எழுதுங்கள். சோழபுரம் சங்கரலிங்கத்தைக் கொன்றது, எரித்தது, கரைத்தது எல்லாம் பரிபூரணமாகிய நான் ஒருத்திதான். யாரும் தூண்டவில்லை. யோகேஸ்வரிக்கு இதில் எள்ளளவும் பங்கு கிடையாது. இந்த வரியை மட்டும் இரண்டு தரம் எழுதுங்கள். பொறாமை என்று எங்கேயும் வர வேண்டாம், தொழில் போட்டி என்று போடுங்கள். போஸ்டரில் இருந்த அந்த மூன்று வரியையும் சேர்த்துவிடுங்கள், சாட்சிக்கு ஆகும்.

என்ன தண்டனையானாலும் சரி. ஆனால் இதில் ஒரு நகல் பாதிக்கப்பட்டவனுக்குப் போக வேண்டும், அதுதானே முறை. வாசித்துக் காட்ட யோகேஸ்வரி வேண்டாம். உங்களுக்கு இப்போது குரல் தெளிந்துவிட்டது பாருங்கள், நீங்களே நாலு மணி பஸ்ஸுக்கு முன்னால் செத்த நேரம் வந்துவிட்டுப் போங்கள். வந்தால் இரண்டு வண்டியிலும் குடிக்கலாம். "ஒரு உள்ளம்" என்று இருக்கிற இடத்தில் என் பேரை எழுதிவிடுங்கள், அம்மா. தாள் பூராவும் ஆனாலும் பரவாயில்லை, பெரிசு பெரிசாக எழுதுங்கள். கிட்டத்துல இருக்கது அவியளுக்குக் கண்ணு தெரியாது.